தூக்க மாத்திரையை விட்டுவிட்டு கெமோமில் டீ குடித்தால் போதுமா?

திருச்சிப் பக்கத்திலிருந்து 52 வயது ஆசிரியை ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவருக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பொருத்தியது உலோக வால்வு. அன்றிலிருந்து கணவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை மாதம் ஒரு முறை பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த நாட்களில் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. அப்போது ஒரு மருத்துவர் குளோனசெபாம் 0.5 மில்லிகிராம், இரவில் ஒன்று, இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரம் இரண்டு ஆண்டாகிவிட்டது. முதலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கினார். இப்போது தெரிந்த மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் கிடைக்கிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிறது. மாத்திரை போட்டும்கூட விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வந்துவிடுகிறதாம்.

மகள் ஜெர்மனியில் இருக்கிறார், மூன்று மாதக் கர்ப்பிணி. ஊருக்கு வந்த தோழி மூலம் அம்மாவுக்கு, கெமோமில் என்ற பூவைக் காயவைத்துச் செய்த டீப் பெட்டிகள் கொடுத்தனுப்பியிருக்கிறார். "இங்கே எல்லார் வீட்டிலும் இது இருக்கும், நரம்புக்கு நல்லது" என்று சொன்னாராம். ஒரு மாதமாகக் கணவன், மனைவி இருவரும் குடிக்கிறார்கள். கணவருக்கு ருசி பிடித்துப்போய் தினமும் மூன்று, நான்கு கப் ஆகிறது. வாசகி டீயை நம்பி மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினார். நான்காம் நாள் கை நடுக்கம், எரிச்சல், கண்ணை மூடினாலே பயம். திரும்பவும் மாத்திரைக்கே போய்விட்டார். டீயின் சக்தி போதவில்லை என்று நினைத்து இப்போது ஒரு கப்பில் மூன்று பை போடுகிறார்.

அவர் கேட்பது இவை. டீயை இன்னும் கெட்டியாகக் குடித்தால் மாத்திரையை விட முடியுமா? மகள் இதைக் குடிக்கலாமா? ஜெர்மன் பெட்டி தீர்ந்துவிட்டால், இங்கே நாட்டு மருந்துக்கடையில் 'சாமந்திப்பூ டீ' என்று உதிரியாக விற்கும் பூவை வாங்கலாமா? கடைசியில் ஒரு வரி: "கணவருக்குக் கொஞ்ச நாளாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அது வேறு விஷயம், சும்மா சொல்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சும்மா சொன்ன அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். அது வேறு விஷயம் இல்லை. இந்தப் பதிலைத் தனியாக உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இதே நிலையில் உள்ள மற்ற குடும்பங்களுக்கும் தெரியட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் கணவருடைய ரத்தப் பரிசோதனை

மாதாந்திரத் தேதி வரும்வரை காத்திருக்காமல், நாளைக் காலையே கணவரை ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். முடிவு தெரிந்து, அவருடைய இதய மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கெமோமில் டீ அவருக்கு வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். உலோக வால்வின் மேல் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் அசிட்ரோம். சாதாரண மனிதருக்கு ஐ.என்.ஆர். ஏறக்குறைய 1 இருக்கும். வால்வு மாற்றியவர்களுக்கு, எந்த வால்வு என்பதைப் பொறுத்து, 2 முதல் 3 அல்லது 2.5 முதல் 3.5 என்ற அளவுக்குள் வைத்திருப்பார்கள். இந்த இடைவெளி மிகக் குறுகலானது. கீழே போனால் வால்வில் ரத்தக் கட்டி சேரும், மேலே போனால் ரத்தக் கசிவு. கீரை, ஆன்டிபயாடிக், வலி மாத்திரை என்று பல விஷயங்கள் இந்த அளவை நகர்த்தும். கெமோமிலும் நகர்த்தலாம் என்று சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. 2006-ல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தைச் சாப்பிட்டு வந்த 70 வயதுப் பெண் ஒருவர், சளிக்காக தினமும் பலமுறை கெமோமில் டீ குடித்ததோடு, கால் வீக்கத்துக்கு கெமோமில் சேர்ந்த களிம்பும் தடவி வந்தார். உடலுக்குள் ரத்தக் கசிவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவருடைய ஐ.என்.ஆர். 7.9. அசிட்ரோமும் வார்ஃபரின் வகையைச் சேர்ந்த மருந்துதான்.

ஒரே ஒரு நோயாளியின் கதையை வைத்து டீதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் கணவருக்கு வெறும் ஈறு வீக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, தினம் நான்கு கப் டீ, புதிதாக ஈறில் ரத்தம், இந்த மூன்றும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்திருக்கும்போது பரிசோதிக்காமல் விடுவது தவறு. இந்த ஒரு மாதத்தில் பல் வலிக்கோ காய்ச்சலுக்கோ வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்பதையும் யோசித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ரத்தம் வருகிறதே என்று பயந்து அசிட்ரோமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உலோக வால்வு உள்ளவர் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நிறுத்த வேண்டியது டீயை மட்டும்தான். மலம் கறுப்பாகப் போவது, சிறுநீரில் ரத்தம், உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போவது, கடுமையான தலைவலி, தலையில் அடிபடுவது, இதில் எது நடந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டீயை நிறுத்திய பிறகும் ஓரிரு வாரத்தில் மறுபடி ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்வார்கள். டீயும் சேர்ந்து அளவை ஏற்றியிருந்தால், அது போன பிறகு அளவு இறங்கக்கூடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மாத்திரை

இப்போது உங்களிடம் வருகிறேன். நான்காம் நாள் உங்களுக்கு வந்த நடுக்கமும் பயமும் டீ பலவீனமாக இருந்ததால் வந்தவை அல்ல. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்தவை. டீ குடிக்காமல் நிறுத்தியிருந்தாலும் வந்திருக்கும், பத்துப் பை போட்டுக் குடித்திருந்தாலும் வந்திருக்கும்.

குளோனசெபாமைத் தொடர்ந்து பல மாதங்கள் சாப்பிட்டால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் உண்டு. நரம்புகளின் பரபரப்பைத் தணிப்பது அதன் வேலை. மாத்திரை அந்த வேலையை அதிகமாக்கிவிடுகிறது. நாளாக ஆக மூளை அந்த உதவியை எதிர்பார்த்தே இயங்கப் பழகுகிறது. திடீரென்று உதவி நின்றால், அடக்கி வைத்த பரபரப்பு எல்லாம் ஒரே சமயத்தில் மேலே வரும். தூக்கமின்மை முன்பைவிட மோசமாகும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்புகூட வரும். இந்த மாத்திரை உடம்பை விட்டு மெதுவாக வெளியேறுவதால் முதல் இரண்டு, மூன்று நாட்கள் ஒன்றும் தெரியாது. நிறுத்திவிட்டோம் என்று நினைக்கும்போதுதான் ஆரம்பிக்கும்.

"எனக்கு மனவலிமை இல்லை போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்கு வருத்தமாக இருந்தது. கணவரின் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்த நாட்களில் வெளியே உட்கார்ந்திருந்தவர் நீங்கள். இது உடம்பு மருந்துக்குப் பழகிய விஷயம், உங்கள் குணத்தோடு சம்பந்தமில்லை.

இந்த மாத்திரையை விட முடியும், விடவும் வேண்டும். ஆனால் படிப்படியாக. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அளவில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ குறைத்துக்கொண்டே வருவோம். குளோனசெபாம் 0.25 மில்லிகிராமிலும் கிடைக்கிறது என்பதால் குறைப்பது சுலபம். முழுவதும் விடச் சில மாதங்கள் ஆகலாம். எந்த வேகத்தில் என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மனநல மருத்துவரிடம் போவது நல்லது. இதில் அவர்களுக்குத்தான் பழக்கம் அதிகம். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்கினால், முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம். அங்கே பேசிவிட்டு நேரில் யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதுவரை பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடருங்கள். ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவது வேண்டாம். மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் கொடுக்கிறார், நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார். ஆனால் இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சீட்டு கேட்டிருந்தால் நீங்கள் இரண்டு ஆண்டில் சில முறையாவது ஒரு மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள். யாராவது ஒருவர் இதை நிறுத்தலாமே என்று சொல்லியிருப்பார்.

டீ உண்மையில் எவ்வளவு செய்யும்?

"இணையத்தில் படித்தேன், மாத்திரை வேலை செய்யும் அதே இடத்தில்தான் கெமோமிலும் வேலை செய்கிறதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை. கெமோமில் பூவில் அபிஜெனின் என்ற பொருள் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் பார்த்தால், குளோனசெபாம் போய் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டுகிறது. ஆனால் மிகவும் லேசாக. ஒரே கதவைத் தட்டுகிறார்கள் என்பதற்காகக் குழந்தை தட்டுவதும் பெரியவர் தட்டுவதும் ஒன்றாகிவிடாது. அதனால்தான் டீ குடித்தவர்களுக்கு மாத்திரைப் பழக்கம் போன்ற தொல்லை வருவதில்லை. அதே காரணத்தால்தான் மாத்திரையின் இடத்தை அதால் நிரப்பவும் முடிவதில்லை.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பதற்றத்துக்குக் கொஞ்சம் நல்ல செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பதற்றநோய் உள்ள 57 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட கெமோமில் சாறு சாப்பிட்டவர்களுக்குப் பதற்றம் ஓரளவு அதிகமாகக் குறைந்தது. 2016-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வில் தினமும் 1500 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள். நிவாரணம் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு கெமோமிலையே தொடர்ந்து கொடுத்து, மீதிப் பேரை வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். கெமோமிலைத் தொடர்ந்தவர்களுக்குப் பதற்றத்தின் அளவு குறைவாகவே இருந்தது. ஆனால் நோய் திரும்பி வருவதை அது தடுத்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. கவனியுங்கள், இரண்டிலும் கொடுத்தது அளவு நிர்ணயித்த சாறு அடைத்த கேப்சூல் மாத்திரை. நீங்கள் குடிக்கும் டீ இல்லை.

தூக்கத்துக்கு வந்தால் முடிவுகள் இன்னும் அடக்கமானவை. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 34 பேருக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 28 நாள் கெமோமில் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. மொத்தத் தூக்க நேரத்திலும், தூக்கம் வர ஆகும் நேரத்திலும், நடுவில் விழிப்பதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தைவானில் பிரசவமாகித் தூக்கம் சரியில்லாமல் இருந்த 80 பெண்களிடம் டீயாகவே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் குடித்தபோது கொஞ்சம் ஆறுதல் தெரிந்தது. நிறுத்திய பிறகு, நான்காவது வாரத்தில் பார்த்தபோது இரு தரப்பும் ஒன்றாகிவிட்டார்கள்.

உங்கள் மகளுடைய பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி, வயிறு சரியில்லாத நாளில்தான் இதைக் குடிப்பார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பாட்டி சரியாகத்தான் செய்கிறார். ஐரோப்பிய வீடுகளில் கெமோமிலின் முதல் வேலை வயிறுதான். உப்புசம், லேசான வயிற்றுப் பிடிப்பு, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பது, சளிக்கு ஆவி பிடிப்பது, சின்னத் தோல் அழற்சிக்கு ஒத்தடம், இவைதான் பரம்பரையாக வரும் உபயோகங்கள். ஐரோப்பிய மருந்து முகமை இந்தப் பூவுக்கு ஏற்றுக்கொண்ட மரபுவழிப் பயன்களின் பட்டியலிலும் இவைதான் இருக்கின்றன. தூக்கம் அதில் இல்லை.

அப்படியென்றால் மாலையில் குடித்தால் இதமாக இருக்கிறதே, அது பொய்யா? இல்லை. வயிறு லேசானால் மனமும் லேசாகும். காபி போல இதில் காஃபின் கிடையாது. மாலை ஆறு மணிக்கு நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் ஃபில்டர் காபியின் இடத்தில் இது வந்தால், அந்த மாற்றமே தூக்கத்துக்கு உதவும். வெந்நீர், வாசனை, ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் உங்களை நான் டீ குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நல்ல மாலை நேரப் பானமாகக் குடியுங்கள். மருந்தின் சுமையை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

எப்படிக் குடிப்பது

மூன்று பை வேண்டாம். அதுவும் மாத்திரை போடும் இரவுகளில் இரண்டுமே மந்தப்படுத்தக்கூடியவை என்பதால் கெட்டியான கஷாயம் தேவையே இல்லை. ஒரு கப்புக்கு ஒரு பை போதும். நம் வீட்டுப் பழக்கப்படி சட்டியில் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். கொதித்த நீரைக் கப்பில் ஊற்றி, பையைப் போட்டு, தட்டு ஒன்றால் மூடி ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடாமல் இருக்கத்தான் மூடி. பால் சேர்க்க வேண்டாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடித்துவிடுங்கள். படுக்கப் போகும்போது சூடாகக் குடித்தால் உங்களுக்கு இருக்கும் இரவு வியர்வை கூடலாம், சிறுநீருக்கும் எழ வேண்டியிருக்கும்.

குடித்த பிறகு உதடு அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கெமோமில், செவ்வந்தி, சூரியகாந்தி, நம் ஊர் தரிசுகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். பார்த்தீனியம் பட்டால் தோல் வெடித்துப் போகிறவர்கள் நம் கிராமங்களில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் கெமோமிலைக் குடிப்பதையும் தோலில் போடுவதையும் தவிர்ப்பது நல்லது. ஆறிய டீப் பையைக் கண்ணில் வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இப்படிக் கண்ணைக் கழுவிய சிலருக்கு ஒவ்வாமையால் கண் சிவந்து வீங்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அந்த மூன்று மணி விழிப்பு

எனக்கு இதுதான் உங்கள் பிரச்சினையின் வேர் என்று படுகிறது. வியர்த்து விழிப்பதும் படபடப்பும் மாதவிடாய் நிற்கும் காலத்தில் மிகவும் சகஜம். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பார்த்து வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இந்த வயதில் எல்லாருக்கும் இருப்பதுதானே" என்று பெண்கள் இதைப் பொறுத்துக்கொண்டே வருடங்களை ஓட்டுவதைப் பார்க்கிறேன், அதற்கு அவசியமில்லை. கூடவே தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்துவிடுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாகலாம். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்று கணவர் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கப் பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றும் பேச்சுவழிப் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. முழுப் பயிற்சியை மனநல ஆலோசகரிடம் பெறலாம். இன்றே தொடங்கக்கூடியவை சில உண்டு. எத்தனை மணிக்குப் படுத்தாலும், எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும், காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். மூன்று மணிக்கு விழித்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையை விட்டு எழுந்து வெளி அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்பி வந்து படுங்கள். பள்ளியிலிருந்து வந்து போடும் அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். மாத்திரையைக் குறைக்கத் தொடங்கும் முன்பே இந்தப் பழக்கம் கொஞ்சம் ஊறிவிட்டால் பிறகு சுலபம்.

நடுராத்திரியில் விழித்ததும் முதலில் கணவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டாக அந்தக் காவல் உங்கள் உடம்பில் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் இந்த வரியை மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றி மற்ற எல்லாவற்றையும்விட அது அதிகம் சொல்கிறது.

மகளுக்கு

எப்போதாவது ஒரு கப் குடிப்பதால் குழந்தைக்குக் கெடுதல் என்று காட்டும் ஆதாரம் இல்லை. ஆனால் தினமும் பல கப், கெமோமில் மாத்திரை, எண்ணெய் இவை கர்ப்பத்தில் வேண்டாம். தாய் கெமோமில் டீ குடித்து வந்தபோது, வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கியதாக 2009-ல் ஒரு மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. அரிதான விஷயம், டீதான் காரணம் என்று நிரூபணமும் ஆகவில்லை. என்றாலும் கடைசி மூன்று மாதங்களில் கூடுதல் கவனம் தேவை. அங்கே அவரைப் பார்க்கும் மருத்துவரிடமோ மருத்துவச்சியிடமோ எவ்வளவு குடிக்கிறார் என்று சொல்லிவிடட்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும். 1999-ல் வந்த ஒரு ஆய்வில், உணவோடு குடித்த கெமோமில் இரும்பு உறிஞ்சப்படுவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. நம் சாதாரண டீ இன்னும் மோசம், 79 முதல் 94 சதவீதம் வரை தடுத்தது.

குழந்தை பிறந்ததும் நீங்கள் அங்கே போவீர்கள். வயிற்று வலிக்கு என்று கைக்குழந்தைக்கு இந்த டீயைப் புகட்ட யாராவது சொல்லக்கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். உதிரியாக விற்கும் கெமோமில் பூவில், கைக்குழந்தைகளின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும் கிருமியின் வித்துகள் இருந்ததை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பதற்கும் அதே கிருமிதான் காரணம்.

நாட்டு மருந்துக்கடைப் பூ

கடைசிக் கேள்வி. கெமோமில் இந்தியாவிலும் விளைகிறது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் இதற்குத் தனி ரகங்களை உருவாக்கியிருக்கிறது. யுனானி மருத்துவத்தில் பாபூனா என்ற பெயரில் இது பழைய சரக்கு. அதனால் ஜெர்மன் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. ஆனால் 'சாமந்திப்பூ டீ' என்ற பெயரில் உதிரியாகக் கிடைப்பது பல சமயம் மாலை கட்டும் மஞ்சள் செவ்வந்தியைக் காய வைத்ததுதான். பூச்சந்தைக்கு வளர்க்கும் செவ்வந்திக்குப் பூச்சிமருந்து தாராளமாக அடிப்பார்கள். குடிப்பதற்காக வளர்த்த பூ அல்ல அது. சீனர்கள் குடிக்கும் செவ்வந்தி டீயும் வேறு பூதான். ஆகவே உணவு உரிம எண்ணும், மெட்ரிகேரியா என்ற தாவரப் பெயரும் அச்சிட்ட, மூடிய பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் உதிரிப் பூவை எடுத்துக் காட்டினால் நீங்களே சோதிக்கலாம். கெமோமில் பூ சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். நடுவில் மஞ்சள் கூம்பு, சுற்றிலும் ஒரே வரிசையாக வெள்ளை இதழ்கள், காய்ந்ததில் பாதி உதிர்ந்திருக்கும். அந்தக் கூம்பை நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். ஜெர்மன் கெமோமில் என்றால் உள்ளே கூடாக, காலியாக இருக்கும். பூ முழுக்க மஞ்சள் இதழ்களாக, அடுக்கடுக்காக இருந்தால் அது செவ்வந்தி. வாங்காதீர்கள்.